ஒரு சாண் உயரமான சக்கரம்

என் கல்யாணத்தை ஒரு வண்டிச் சக்கரம் நிறுத்திவைத்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும்.

மலைக்கு மேலே பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பம் ரோடெங்கும் வண்டிகள்தான். பழனிசெட்டிபட்டியில் என் அப்பாவிடமும் ஒரு மாட்டுவண்டி இருந்தது. ரோட்டு வேலை பார்த்த ஓவர்சியர் அதைக் கூலிக்கு அமர்த்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பெட்டியை மாட்டிவிட்டார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பெட்டி 'டக்'கென்று ஒரு தட்டு வாங்கும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் அதையெல்லாம் கூட்டி, எத்தனை மைல் வந்தோம் என்று மேலே முள்ளில் காட்டும். மைலுக்கு ஒரு கல் நடுவார்கள் என்பதால் நாங்கள் மைலைக் கல் என்றுதான் சொல்வோம். ஊரே வந்து பெட்டியை வேடிக்கை பார்த்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெயமங்கலத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையை வீரபாண்டித் திருவிழாவில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பொரிகடலைக்காரியிடம் பேரம் பேசத் தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பிடித்துப் போயிற்று.

அம்மா மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "பத்துக் கல்லுக்கு மேல எம்மகளக் குடுக்க மாட்டேன்."

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. என் அக்காவை மேகமலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். பிரசவத்தில் அக்கா போய்விட்டாள். சேதி மலையிறங்கி வந்து, அம்மா மலையேறிப் போவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அம்மா பார்த்தது மண்மேட்டைத்தான். பத்துக் கல் என்றால் சேதி வந்த அன்றைக்கே போய்ச் சேரலாம் என்பது அவள் கணக்கு.

ஜெயமங்கலம் ரோட்டில் அப்போது கல் நடவில்லை. தூரம் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "நம்ம பெட்டி எதுக்கு இருக்கு?" என்று அப்பா வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

"ஏ ஆத்தா, ஒம்பதர! ஒம்பதரக் கல்லுதான்!"

அம்மா சரி என்றாள். பரிசம் போட நாள் குறித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பரிசத்துக்கு முன்னால் ஓவர்சியர் வந்து சேர்ந்தார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. சங்கிலி போட்டு அளந்த ரோட்டில் எங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்தாராம். பெட்டி குறைத்துக் காட்டியதாம்.

"என்னய்யா, ஒன் வண்டி மைல முழுங்குது? சக்கரத்த மாத்துனியா?"

"ஆமாங்கய்யா. பழசு ஆத்து மணல்ல பொதையுதுன்னு ஒரு சாண் ஒசரமாப் போட்டேன். மாடு எம்புட்டு லேசா இழுக்குதுங்கிறீக! பெட்டியையும் பத்திரமாக் கழட்டி இதுல மாட்டிட்டேன்" என்றார் அப்பா பெருமையாக.

ஓவர்சியர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டிக்குத் தூரம் எங்கே தெரியும்? சுற்றுத்தான் தெரியும். பழைய சக்கரத்துக்கு ஏற்ற மாதிரி செய்த பெட்டி அது. உயரமான சக்கரம் ஒரே சுற்றில் கூடுதல் தூரம் போய்விடும். பெட்டியோ பழைய தூரத்தையே கூட்டிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டுச் சொன்னார்: ஜெயமங்கலம் ஒன்பதரைக் கல் இல்லை, பதினொரு கல்.

அடுப்படியிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பரிசம் வேணாம்னு சொல்லி விட்ருங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! பெட்டியை ஆற்றில் வீசுவதா, அப்பாவை வீசுவதா என்று இருந்தது. சித்தப்பா வேறு வந்து கிண்டினார். "மதினி, இன்னும் ஒரு சாண் ஒசத்திப் போட்டா எட்டுக் கல்லாயிரும். அதுக்கு மேல ஒசத்துனா, புள்ளையப் பக்கத்து வீட்டுல குடுத்த மாதிரி!" அம்மா சிரிக்கவில்லை.

"ஒரு கல்லு கூடிப்போச்சுன்னு என் வாழ்க்கையக் கெடுக்கிறியே!" என்று கத்தினேன்.

"ஒங்கக்கா மொகத்த நான் பாக்கல ஆத்தா."

அழுதுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தால் அம்மாவைக் காணோம். கிணறு, வயல், கோயில் எல்லாம் தேடினோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். சேலையெல்லாம் புழுதி. கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஜெயமங்கலத்துக்கு நடந்து போயிருக்கிறாள்! கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளை ஊருக்குள் கால் வைப்பது எங்களிடம் வழக்கமில்லை. அதனால் ஊர் எல்லைவரை போய், சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல், நடந்தே திரும்பியிருக்கிறாள்.

"அடியே, ஒரு வார்த்த சொல்லிருந்தா வண்டி கட்டிருப்பேன்ல?" என்றார் அப்பா.

"யாரு, ஒங்க வண்டிய நம்பியா?"

நான் வெந்நீர் கொண்டுவந்து அவள் காலடியில் உட்கார்ந்தேன். காலைத் தொட்டதும் அவளுக்கு வலியில் முகம் சுருங்கியது. காட்டிக்கொள்ளாமல் சொன்னாள்:

"உச்சிக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டேன். ஒனக்கு ஒண்ணுன்னா ஓடி வந்துருவேன். பரிசம் போட வரச் சொல்லுங்க."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் பாதத்தில் பொத்திருந்த கொப்புளங்களைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு, ஜெயமங்கலம் ரொம்பத் தூரம் என்று அப்போதுதான் பட்டது.