ஒத்தடப் பையில் பிடித்த தீ

மைக்ரோவேவ் அடுப்பைக் கண்டாலே எனக்குப் பயம். அதிலிருந்து கதிர்வீச்சு வரும், புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் படித்திருந்தேன். அதனால் பொத்தானை அழுத்தியதும் கூடத்துக்கு வந்துவிடுவேன். அது நின்ற பிறகுதான் சமையலறைக்குள் போவேன்.

தினமும் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் என் கணவருக்குத் தீராத இடுப்புவலி. துணிப்பையில் அரிசியைப் போட்டுத் தைத்து, மைக்ரோவேவில் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கலாம் என்று தோழி சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், கிழிந்த பழைய புடவையில் பை தைத்தேன். மூன்று நிமிடம் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"இன்னாம்மா, தீயுற நாத்தம் வருது?" என்றார் கணவர்.

ஓடிப்போய்ப் பார்த்தால், கண்ணாடிக்குள் படபடவென்று பொறி பறக்கிறது, பை எரிகிறது! பதறிப்போய்க் கதவில் கை வைத்தேன்.

"தொறக்காத! மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணு!" என்று பின்னாலேயே வந்து கத்தினார். அணைத்தேன். மூடிய கதவுக்குள் தீ தானாக அடங்கியது.

மறுநாள் பழுது பார்க்க வந்தவர் கருகிய துணியைப் புரட்டினார். "புடவைல சரிகை இருக்குதுங்களே! அது உலோக இழை, அதான் பொறி வந்திருக்குது" என்றார். என் பயத்தைச் சொன்னதும், "கதவு ஒழுங்கா மூடி இருந்தா கதிரு வெளிய வராதுக்கா. நீங்க பக்கத்துல நின்னுகினு இருந்தா அப்பவே பாத்திருப்பீங்க" என்றார்.

இப்போது கணவருக்கு வெந்நீர்ப் பைதான். பழைய பயம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் மைக்ரோவேவ் ஓடி முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.

– ஸ்டெல்லா, திருத்தணி