பெட்டியில் போட்டிருந்த வேகம்

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். செங்கத்து ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களை ஹார்டு டிஸ்க்கில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். மலைமேல் ஜமுனாமரத்தூரில் வீட்டிலேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். அவர் புதுக் கேமரா வாங்கினார், என் கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியது. இரண்டு கல்யாணம் தாமதமாயிற்று. "இதுவும் லேட்டாச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேம்மா" என்றார் போனில். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

கம்ப்யூட்டரின் ராம் மெமரியை மாற்றினால் சரியாகும் என்று தெரியும். நான்கு நாள் யூடியூப் பார்த்து 3600 வேகத்தில் இரண்டு வேண்டும் என்று முடிவு செய்தேன். சாமை அறுப்பை விட்டுவிட்டு என் கணவரும் கூட வந்தார். அமிர்தி வழியாக வேலூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி.

கம்ப்யூட்டர் கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "இன்னா போர்டு சார்?" என்று என் கணவரைக் கேட்டார். "அவங்களக் கேளுங்க" என்றார் இவர். சொன்னேன். பதில் மறுபடியும் இவருக்குத்தான் போனது: "இதுக்கு 3200 போதும் சார். அதுக்கு மேல போட்டா நிக்காது." கேட்டது நான், பதில் அவருக்கா! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எனக்கு 3600தான் வேணும். எடுங்க."

"அக்காவுக்கு நீங்களாவது சொல்லுங்க சார்."

"அவங்க கேக்கறத குடுங்க" என்றார் என் கணவர். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

வீட்டில் நானே மாட்டினேன். செட்டிங்கில் போய், பெட்டியில் போட்டிருந்த 3600ஐயே வைத்தேன். அரை மணி நேரம் பறந்தது. அப்புறம் நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றுபோனது. மறுபடி போட்டால் மறுபடி நீலத்திரை. பழையதே தேவலாம் போலிருந்தது. மறுநாள் மதிய பஸ்ஸில் வீடியோ போயாக வேண்டும். "இன்னா ஆச்சு?" என்று எட்டிப்பார்த்தவரிடம் "ஒன்னுமில்ல, போங்க" என்று எரிந்து விழுந்தேன்.

காலையில் அவர் சாமைக் கொல்லிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு 3200க்கு இறக்கினேன். முழுக் கல்யாணமும் ஒரே மூச்சில் முடிந்தது. டிஸ்க் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, வேலையும் தப்பித்தது.

அடுத்த மாதம் ஸ்டுடியோக்காரர் மலைக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். "வேலூர் கடைக்காரன் வாயையே அடைச்சிட்டாங்க" என்று இவர் அவரிடம் பெருமையடித்தார். நான் டீ போடும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். வந்தவர் கிளம்பிய பிறகும் மனசு கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதுதான் சரி, வீம்புக்கு வாங்கினேன், இப்போது 3200ல்தான் ஓடுகிறது என்று என் கணவரிடம் கொட்டிவிட்டேன்.

"தெரியும்" என்றார் அவர். "பெட்டிய எடுத்துக்கினு நீ வெளிய போனதும் கடைக்காரன் போன்ல எடுத்துக் காட்டினான். உங்க போர்டுக்கு இவ்ளோதான்னு."

"அட பாவி மனுஷா, அங்கியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? வேலையே போயிருக்குமே!"

"மாத்தித் தரட்டுமான்னும் கேட்டான். அவன் எதிர்ல உன்ன வுட்டுக்குடுக்கச் சொல்றியா?"

"வூட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன்.