விஜயலட்சுமி ஒப்பேத்திக்குவா

தியாகதுருகத்தை ஒட்டிய அந்த ஊரில் அரிசியில் வண்டு விழுந்தால் பெண்கள் விஜயலட்சுமி வீட்டுக்குத்தான் வருவார்கள். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து போடு என்பாள். எறும்புக்கு மஞ்சள்தூள், கொசுவுக்கு நொச்சிப் புகை, கறுத்துப்போன பித்தளைக் குடத்துக்குப் புளிச்சக்கையும் செங்கல் பொடியும். பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பலைச் சலித்து வைத்திருப்பாள். துணிக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, நுரை திரளும் வரை கையாலேயே பிசைவாள்.

அவள் புருஷன் நாராயணசாமிக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. "எங்க வூட்டுக்காரி மளிகைக் கடைக்குப் போறதே உப்புக்கும் தீப்பெட்டிக்கும்தான்" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்வார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வாசனை சோப்பு போட்டுக் குளிப்பார். சீயக்காய் அவருக்குக் கண் எரியுமாம். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

இந்தச் சிக்கனம் ஒன்றும் புத்தியில் பிறந்ததல்ல, ரோஷத்தில் பிறந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் துணி சோப்பு தீர்ந்துவிட்டது என்று மாமியாரிடம் கேட்டாள். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வந்தவள் என்பதால் மாமியாருக்கு அவள் எப்போதும் மலங்காட்டுக்காரிதான். "உங்கப்பன் காட்டுல இல்லாத சோப்பா? போய் பொறுக்கினு வா" என்றாள் கிழவி. விஜயலட்சுமி உண்மையிலேயே போய், அப்பா நிலத்து வரப்பில் நிற்கும் பூந்தி மரத்தடியில் ஒரு மூட்டை பொறுக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சோப்பு கேட்கவில்லை. ரோஷம் நாளடைவில் ஆறிவிட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அதோடு ஒரு வார்த்தையும் தங்கிவிட்டது. மிக்சி புகைந்து போனபோது புதிது வாங்கவில்லை. "அம்மியில ஒப்பேத்திக்குவா" என்றார் நாராயணசாமி. வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் போட்டபோது சமையல்கட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். அவள்தான் ஒப்பேத்திக்குவாளே! மகள் சந்தியாகூட அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பாராட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவளுக்கு வரவேண்டிய ஏதோ ஒன்று வராமல் போயிருக்கும்.

சாம்பலும் செங்கல் பொடியும் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்கள் மழமழவென்று ஆகிவிட்டன. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் ஏற்காது. சந்தியா போய் வைத்துவிட்டு வருவாள். அதையும் வீட்டில் சிரித்துப் பேசினார்கள்.

போன வருஷம் விஜயலட்சுமியின் அப்பா இறந்தார். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் தம்பி இளஞ்செழியன் தன் மனைவி தேவிப்ரியாவுடன் பழத்தட்டோடு வந்தான். அப்பா நிலம் கரியாலூர் போகிற ரோட்டுமேல் இருக்கிறது. வாங்க ஆள் வந்திருக்கிறான். அக்கா தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும்.

"எனக்கு முழுப் பங்கு வேணாம்டா. அந்தப் பூந்தி மரம் நிக்கிற மூலையை மட்டும் என் பேருக்கு உடு" என்றாள் விஜயலட்சுமி. வாழ்க்கையில் அவள் வாய் திறந்து கேட்ட இரண்டாவது பொருள் அது.

"இன்னாக்கா நீ, மொத்தமா குடுத்தாத்தான் அவன் வாங்குவான். உனக்கு எதுக்கு நெலம்? சாம்பல வச்சே குடும்பம் நடத்துறவ நீ."

தேவிப்ரியா சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டாள். "அண்ணிக்கு இன்னாங்க கொறச்சல்? எங்களுக்குத்தான் எல்லாமே ஜாஸ்தி செலவு."

விஜயலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "கூடப்பொறந்தவன்கிட்ட பங்கு கேட்டா ஊரு சிரிக்கும் விஜயா. நாளைக்கு சந்தியா கல்யாணத்துக்கு மாமன் சீர் யாரு செய்வா?"

மாமன் சீர் என்று ஒரு கயிறு இருக்கிறதே, அதை இழுத்தால் எந்த ஊரிலும் பெண்பிள்ளை வாய் மூடிவிடும். அவளுக்கு நெஞ்சு முழுக்க ஆத்திரம். அதையும் சாம்பல் தொட்டியில்தான் தேய்த்தாள்.

பத்திரம் பதிய கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். பிறகு மிஷினில் விரல் வைக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். கட்டைவிரல் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலும் ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்து, எண்ணெய் தொட்டு, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"இன்னா வேலைம்மா செய்றீங்க? ரேகையே இல்லியே!"

"கடை சோப்பு தொட மாட்டாங்க. எல்லாம் சாம்பல்தான்" என்றார் நாராயணசாமி, அங்கேயும் பெருமையாக.

இளஞ்செழியன் முகம் வாடிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் விஜயலட்சுமிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. இத்தனை வருஷம் தேய்த்த சாம்பல் இன்றைக்குத் தன் பக்கம் நின்றுவிட்டது என்று நினைத்தாள். முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டாள். மரம் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது, காயும் நிழலுமாக.

"பரவால்லம்மா. விரல் வராதவங்களுக்குக் கண்ணு எடுப்போம்" என்று அந்தப் பெண் மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கருவியை எடுத்தாள். "இதுக்குள்ள பாருங்க. இமைக்காதீங்க, நல்லா தொறந்து வைங்க."

கண்ணை மூடிக்கொண்டால் போதும். அவ்வளவுதான் செய்யவேண்டியிருந்தது. யாரும் இமையைப் பிடித்துத் திறக்கப் போவதில்லை. ஆனால் சொன்னதைச் செய்து பழகிய உடம்பு அது. புகையும் சீயக்காயும் பட்டுச் சிவந்த கண்ணை அகலத் திறந்து உள்ளே பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

இளஞ்செழியன் மூச்சை விட்டான். நாராயணசாமியின் தோளில் தட்டிச் சிரித்தான்.

"பாத்தியா மாமா? நான் சொல்லல, எப்டியாவது அக்கா ஒப்பேத்திடும்னு!"