அப்பாவின் அளவுப் பலகை

முதலாண்டு நினைவுக்கு மலையேறி வந்திருக்கும் உறவினரே, நண்பரே, அப்பாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவர் செய்து வைத்த பலகையைப் பற்றிச் சிலருக்குத்தான் தெரியும். அதனால் அதை இந்த நினைவு மலரில் சொல்கிறேன்.

அப்பா பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கொழுந்துச் சாக்குத் தூக்கி வளர்ந்தார். பிறகு கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவைக்காரர் ஆனார். தினமும் கொழுந்தை நிறுக்கும் முன் இரும்புப் படிக்கல்லைத் தொங்கவிட்டுத் தராசைச் சோதிப்பார். அந்தக் கல் சரியாக நின்றால்தான் முதல் கூடையைத் தொடுவார். இந்தக் குணம் வீட்டுக்கும் வந்தது.

ஒரு பொங்கலுக்கு முன், மரம் அறுக்கும் அறுப்புக்குழியில் மிஞ்சிய பலாப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். இழைத்து, கடன் வாங்கிய அடிக்கோலால் அங்குலம் குறித்து, சுவரில் ஆணியடித்து நிறுத்தினார். பொங்கலன்று என்னையும் தங்கை பாக்கியத்தையும் நிறுத்தி, தலைமேல் சிலேட்டைப் படுக்க வைத்து, பேனாக்கத்தியால் கோடு கீறினார். பிறகு தானே போய் நின்று, என்னை முக்காலியில் ஏறித் தனக்கும் கீறச் சொன்னார்.

அம்மாவுக்குச் சிரிப்பு. "இந்த வயசுல நீங்க இன்னும் வளரப் போறீங்களா?"

"தராசுக்குப் படிக்கல்லு வேணாமா?" என்றார் அப்பா. எங்களுக்கு விளங்கவில்லை.

மலேரியா வந்த வருஷம் பாக்கியம் படுத்த படுக்கையானாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. காய்ச்சல் நின்ற பின்னும் தேறாமல் மூலையிலேயே சுருண்டிருந்தாள். ஆனால் அடுத்த பொங்கலுக்கு அவள் கோடு ஒரு விரல்கடை ஏறியிருந்தது.

"புள்ள வளந்துட்டா. இனிப் பயமில்ல," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் முறை முடிந்து அப்பா போய் நின்றார். நான் சிலேட்டை வைத்துப் பார்த்தேன். அவரும் ஒரு விரல்கடை ஏறியிருந்தார். என் கைதான் பிசகியது என்று மறுபடி வைத்தேன். அதே அளவு.

அப்பா குனிந்து தரையைக் கத்தியால் சுரண்டினார். மழைத் தண்ணீர் உள்ளே வராதிருக்க அம்மா மண் போட்டுச் சாணமிட்டு மெழுகிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

"நான் வளரல. தரைதான் ஏறியிருக்கு."

"அப்ப பாக்கியம்?" என்றார் அம்மா.

அவள் ஏறியதும் அதே ஒரு விரல்கடைதான். அவள் ஒரு வருஷமாக வளரவே இல்லை.

மறுநாளே அப்பா லீவு கேட்டு, அவளைத் தோளில் சுமந்து பன்வில டவுனுக்கு இறங்கி, கண்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். மண்ணீரல் வீங்கியிருப்பதாகவும் இன்னும் தாமதித்திருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றும் டாக்டர் சொன்னார். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தோம். அப்பா பலகையடியில் ஏறிய மண்ணைத் தோண்டி, பழைய தரைமட்டத்திலேயே தட்டைக் கருங்கல் ஒன்றைப் பதித்து, அதன்மேல் மண் பூசவே கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அடுத்த பொங்கலுக்கு அந்தக் கல்லின்மேல் நின்ற பாக்கியம் இரண்டு அங்குலம் ஏறினாள். அன்றைக்கு அப்பா அழுததை நான் பார்த்தேன்.

கடைசி மூன்று வருஷம் இருமல் அவரை வாட்டியது. போன வருஷப் பொங்கலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு கல்லில் ஏறினார். கோடு அரை அங்குலம் இறங்கியிருந்தது. சொல்லத் தயங்கினேன். அவரே திரும்பிப் பார்த்தார்.

"பலகை சரியாத்தான் இருக்கு. படிக்கல்லுதான் தேஞ்சிருச்சு," என்று சிரித்தார். மாசியில் போய்விட்டார்.

அவர் நோயுற்றபோது கஞ்சி கொண்டுவந்த லயத்துச் சனங்களுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், கண்டியில் நான் எழுத்துக் கோர்க்கும் அச்சுக்கூடத்தில் இந்த மலருக்குக் காகிதம் தந்த முதலாளிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

துக்க வருஷமாதலால் இந்தத் தையில் நாங்கள் பொங்கல் வைக்கவில்லை. ஆனால் பாக்கியம் சிலேட்டை எடுத்து வந்தாள். பத்து வயதுப் பெண், முக்காலியையும் அவளே இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, கல்லுல ஏறி நில்லுங்க. இனி நீங்கதானே படிக்கல்லு."

அவள் கோடு கீறி முடிக்கும்வரை நான் அசையாமல் நின்றேன்.