மரகதம் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்

போன புதன்கிழமை காலை ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கைபேசியைப் பார்த்தால், மரகதத்தின் கணவர் பழனிச்சாமி விடாமல் அழைத்திருந்தார். திருப்பி அழைத்தேன். "சிவா, மரகதம் நம்மள உட்டுப்போட்டுப் போயிட்டாளுங்க" என்றார். மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது நமக்கெல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கருமத்தம்பட்டியில் எங்கள் மாடி அறையை ஒலிப்பதிவு அறையாக்கியபோது புத்தகம் வாசிக்க வந்தவர் மரகதம். கரகரத்த குரல். அதற்காகவே சில இடங்களில் வேண்டாமென்று அனுப்பியிருந்தார்கள். கடைசியாக ஒரு ஒலிப்புத்தக நிறுவனம் திங்கட்கிழமைக்குள் மாதிரிப் பதிவு ஒன்று கேட்டது. இதுவும் தட்டிப்போனால் வாசிப்பதையே விட்டுவிடப்போவதாக அவர் சொல்லியிருந்தார்.

காந்திபுரத்துக் கடைக்காரர் தெரிந்தவர். பதிவைக் கேட்டுத் திருத்துவதற்கான மானிட்டர் ஸ்பீக்கர்கள் இரண்டு ஜோடியை வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருந்தார். பெரியதில் மரகதத்தின் குரல் கம்பீரமாக இருந்தது. சின்னதில் சப்பென்று இருந்தது. பெரியதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழம தறி நிக்கட்டுமுங்க. அப்பறம் சொல்லலாம்" என்றார் மரகதம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தத் தறி என்று கேட்டேன். பக்கத்து வீட்டு விசைத்தறி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்கிறவன் காதில் அது எங்கே விழும்?

ஞாயிறன்று தறி நின்றது. பெரிய ஸ்பீக்கரைப் போட்டேன். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்டது மரகதத்தின் குரல். தறியின் உறுமலில் அமுங்கிக் கிடந்த அதன் கனத்த அடிச்சத்தம் இப்போது அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த ஸ்பீக்கரை நம்பி நான் திருத்தியிருந்த மாதிரிப் பதிவு முழுவதும் வீண். மறுநாள் அனுப்பியாக வேண்டும்.

சின்னதை மாட்டி முதலிலிருந்து தொடங்கினோம். அது எதையும் மறைக்கவில்லை. கரகரப்பு, இழுத்த மூச்சு எல்லாம் கேட்டது. பயத்தில் நான் கரகரப்பைக் குறைக்கப் போனேன். மரகதம் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏனுங்க சிவா, வேண்டாம்னா என்னைய வேண்டாம்னு சொல்லட்டும். நீங்க செஞ்சு வெச்ச குரல எதுக்குங்க அனுப்போணும்?"

சண்டை போட நேரமில்லை. அப்படியே அனுப்பினோம். பதில் வரும்வரை இருவருக்கும் சோறு இறங்கவில்லை. இந்தக் குரலுக்கென்றே ஒரு நாவல் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மரகதம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு அவர் வாசித்ததையெல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

நேற்று பழனிச்சாமி வந்தார். காரியத்தன்று போடுவதற்கு மரகதம் வாசித்தது ஏதாவது வேண்டும் என்றார். முடித்த புத்தகம் ஒன்றிலிருந்து போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுல அவ இருமவே இல்லீங்களே" என்றார்.

முடித்த புத்தகங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்திருப்பது வெட்டாத பதிவுகள். அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டேன். மரகதம் இருமினார். தண்ணீர் குடித்தார். "தப்பாப் போச்சுங்க. இன்னொருக்கா போலாமுங்களா?" என்று கேட்டார்.

பழனிச்சாமி ஸ்பீக்கரைப் பார்த்து, "போலாம் அம்மணி" என்றார்.