பூசை போட்ட ஃப்ரிட்ஜ்

பிரிஸ்கில்லாவுக்கு அன்று காலை நாஷ்டா இறங்கவில்லை. புதன்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். உத்திரமேரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் ஒப்பந்த நர்ஸ். மானாம்பதியில் நாற்று நட்டு அவளை வளர்த்த அப்பா ஞானதாஸ், மகளை வெள்ளை உடையில் பார்த்த அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். தப்பு செய்ததாக ஒரு மெமோ வந்தால் அந்த வேலை போய்விடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயுதபூசை. ஸ்டெதாஸ்கோப் முதல் ஸ்கூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜை ஈரத்துணியால் துடைக்க அவள்தான் முன்வந்தாள். ஷாக் அடிக்குமோ என்று சுவிட்சை அணைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் பொரி கொடுக்கக் கூப்பிட்டார்கள். போனவள் திரும்ப அதைப் போடவில்லை. அறையைப் பூட்டினார்கள். அதன்பின் செவ்வாய்வரை தொடர் விடுமுறை. சூடு ஏறினால் செய்தி அனுப்பும் கருவியும் பழுதாகிக் கிடந்தது.

புதன் காலையில்தான் அது நினைவுக்கு வந்து, பதறி ஓடிவந்தாள். ஆனால் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. பூசைக் குங்குமம்கூடக் கலையவில்லை.

"இன்னா சிஸ்டரு, மொறச்சிப் பாத்துகினு கீற?" பின்னால் ஆஸ்பத்திரி ஊழியர் வேதகிரி நின்றார். "நேத்து சாயங்காலம் பெருக்க வந்தேன். நின்னு கெடந்துச்சி. நான் போட்டுட்டேன். வாய மூடிகினு வேலையப் பாரு."

"அண்ணா, மருந்து கெட்டுப் போயிருக்குமே."

"ஜில்லுனுதான் கீது. யாருக்குத் தெரியும்?"

அதுதான் அவளைக் கொன்றது. யாருக்கும் தெரியாது. குப்பிமேல் சூட்டைக் காட்டும் கட்டம்கூட இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை. ஆனால் உள்ளே மருந்து செத்திருந்தால்? ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகும் தாயின் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்?

"புது டாக்டரம்மா, தப்பு நடந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்கன்னாங்களே."

"புது மாப்ளகூட மொத மாசம் அப்டிதான் பேசுவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்பிருந்த டாக்டர், ஊசி மருந்துக் குப்பியை உடைத்ததற்காக அவளை நோயாளிகள் வரிசைக்கு எதிரே நிற்க வைத்தார். அன்று அவள் அழவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் உடைத்ததாகச் சொன்னதில்லை.

வெளியே ஒரு குழந்தை வீறிட்டது. பிரிஸ்கில்லா டாக்டர் அறைக்கு நடந்தாள்.

புது டாக்டர் பரிமளா நிமிர்ந்தாள். பிரிஸ்கில்லா நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"மறுபடி போட்டது யாரு?"

பிரிஸ்கில்லா தரையைப் பார்த்தாள். டாக்டரின் முகம் சிவந்தது. திட்டப்போகிறாள் என்றுதான் தோன்றியது. உதடு திறந்து, மூடியது.

"யாருக்காவது போட்டாச்சா?"

"இல்ல மேடம்."

"நல்லவேளை சொன்னீங்க. வாங்க."

டாக்டரே வராந்தாவில் போய் நின்றாள். "எங்க தப்பாலதான் மருந்து சூடாயிடுச்சு. இன்னிக்கு ஊசி போட முடியாது. நல்ல மருந்து வந்ததும் நாங்களே கூப்பிடறோம்."

திருமுக்கூடலிலிருந்து பஸ் மாறி வந்திருந்த சிட்டம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தாள். "பூச போட்டு பொட்டியவே சாவடிச்சிட்டீங்களா? நல்லா கீதும்மா உங்க பக்தி."

அவள் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

அறைக்குத் திரும்பி டாக்டர் மேலதிகாரிக்கு ஃபோன் போட்டாள். எதிர்முனைக் குரல் வெளியே கேட்டது. "யார் செஞ்சது? பேரச் சொல்லுங்க."

பிரிஸ்கில்லாவின் கண்முன் அப்பாவின் முகம் வந்து நின்றது.

"பூட்டும்போது நானும் கூட இருந்தேன் சார். பார்க்கல. எப்படி நடந்துச்சுன்னு எழுதி அனுப்பறேன். பேருதான் வேணும்னா, என் பேர எழுதிக்குங்க."

டாக்டரின் குரல் நடுங்கியது. ஃபோனை வைத்தாள். அவளுக்கும் பயம்தான் என்று பிரிஸ்கில்லா அப்போதுதான் கண்டாள்.

கதவு அசைந்தது. வேதகிரி தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"சுட்சி போட்டது நாந்தாம்மா. இந்தப் பொண்ணு வேல போயிடுமேன்னு..."

டாக்டர் அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியைக் காட்டினாள். அந்த அறையைத் தினமும் பெருக்கியவர், அங்கே உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார்.

மேசைமேல் ஃபோன் மறுபடி அடித்தது. அதே மேலதிகாரிதான். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.