குடிக்காதவரின் ஈரல்

பெண் பார்க்க வந்தபோது மெர்சி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொன்னாள். மாப்பிள்ளை குடிப்பாரா? மற்றதையெல்லாம் அம்மா விசாரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுடைய அப்பா வயிறு வீங்கி, கண் மஞ்சள் பூத்து, ரத்த வாந்தி எடுத்துச் செத்தவர். சாகிற வாரம் வரைக்கும் பைபிள் மேல் கை வைத்து, "தொடவே இல்லடி பாப்பா" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தவர்.

சேரப்பணஞ்சேரி ஜெபகுமார் குடிக்க மாட்டார். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். நைட் ஷிஃப்டில் கண் சொக்கினால் கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் குடிப்பார். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூரியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தால், மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டார். மெல்ல ஒரு தொப்பை விழுந்தது. கல்யாணமான ஆம்பளைக்கு அது இருக்கத்தான் செய்யும் என்று மெர்சியே கேலி செய்திருக்கிறாள்.

கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில்தான் முதலில் தெரிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "லிவர் வீங்கியிருக்கு. குடியை நிறுத்துங்க" என்றார். வீட்டுக்கு வந்து ஜெபகுமார் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

"மறைக்காம சொல்லுங்க. எப்பத்திலேர்ந்து?"

"இன்னா மெர்சி, எங்கிட்டயே கேக்கற? ஆண்டவர் மேல ஆணையா…"

"ஆணையெல்லாம் வேணாங்க. ஆணைய நான் நிறைய பாத்துட்டேன்."

அன்றிலிருந்து அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்துவிட்டுத்தான் நனைய வைத்தாள். அதே பஸ்ஸில் போய்வரும் வேல்ராஜைத் தெருவில் நிறுத்திக் கேட்டாள். "யாரு, அண்ணனா? பார்ட்டின்னா சைடு டிஷ்ஷ மட்டும் துன்னுட்டு எழுந்து போற ஆளு அண்ணி அவரு" என்றான் வேல்ராஜ். கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பானா என்று அவள் நினைத்துக்கொண்டாள். விசாரித்த சேதி ஜெபகுமார் காதுக்குப் போனது. அவர் சண்டை போடவில்லை. அப்புறம் தானாக எதையும் வந்து சொல்வதை விட்டுவிட்டார்.

பெரிய டாக்டர் யாரையாவது பார்க்கலாம் என்று அவர்தான் சொன்னார். தடுத்தது மெர்சி.

"ஸ்ரீபெரும்புதூர்ல எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம சர்ச் ஆளு ஒருத்தர் இருப்பாங்க. ஈரல் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா குடிகாரன் பொண்ணுக்குக் குடிகாரன் புருஷன்னு பேசுவாங்க. நிறுத்திட்டா தன்னால சரியாப்பூடும்."

"எத நிறுத்தறது, மெர்சி?"

தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து நீட்டினாள். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். இப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் சர்ச்சிலும் எப்படியோ முணுமுணுப்பு கிளம்பி, அவர் கீபோர்டை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார ஆரம்பித்திருந்தார்.

கால் வீங்கியபோது வேல்ராஜ்தான் பிடிவாதமாக அவரை ஒரு மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போனான். சென்னை மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து சுகப்பிரியா என்கிற விஞ்ஞானி வந்திருந்தார். கம்பெனித் தொழிலாளிகளின் ஈரலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஜெபகுமாரை மட்டும் சென்னைக்கு வரச் சொன்னார்கள். அங்கே பல தடவை ரத்தம் எடுத்தார்கள். ஊசியால் ஈரலிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்தார்கள். முடிவு தெரிகிற அன்றைக்கு மெர்சியும் கூடப் போனாள்.

சுகப்பிரியா பொறுமையாகச் சொன்னார். "ஈரல்ல கொழுப்பு சேருதும்மா. நிறைய பேருக்கு அது பாட்டுக்குக் கிடக்கும், ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு மட்டும் உடம்புல காவலுக்கு இருக்கிற செல்லுங்க அந்தக் கொழுப்பைப் பார்த்து எதிரின்னு நினைச்சுச் சண்டைக்கு வந்துடும். அதுதான் அழற்சி. அது அடங்காம போயிட்டே இருந்தா ஈரல் தழும்பு தழும்பா இறுகிடும். இவருக்கு இறுகிடுச்சு. யாருக்கு சும்மா கிடக்கும், யாருக்கு இப்படி ஆகும்னுதான் நான் தேடிக்கிட்டிருக்கேன். முழுசா இன்னும் பிடிபடல."

மெர்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டேவிட்டாள்.

"மேடம், இவரு குடிக்கறாரா இல்லியான்னு ரத்தத்துல தெரியுமா?"

சுகப்பிரியா ஜெபகுமாரைப் பார்த்தார். "அவர் சம்மதிச்சாதான் நான் சொல்ல முடியும்."

ஜெபகுமார் தரையைப் பார்த்தபடியே, "சொல்லிடுங்க மேடம். அவளுக்குத் தெரியணும்" என்றார்.

"குடிச்சிருந்தா சில வாரம் வரைக்கும் ரத்தத்துல தடயம் நிக்கும். இடைவெளி விட்டு விட்டுப் பார்த்தோம். எதுலயும் ஒண்ணும் இல்ல. குடிக்கிறவங்களை இந்த ஆராய்ச்சியில சேர்க்கவே மாட்டோம்மா."

மெர்சிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்ததுபோல் இருந்தது. வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பி அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை அவள் கைக்குள் சும்மா கிடந்தது.

கிளம்பும்போது டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: முன்னாடியே வந்திருந்தால்? "அழற்சியோட நின்னிருந்தப்போ வந்து, எடையைக் குறைச்சு, இனிப்பை விட்டிருந்தா நிறைய பேருக்குத் திரும்பியிருக்கு. இவருக்கும் திரும்பியிருக்கும்னு உறுதியா சொல்ல மாட்டேன்" என்றார் சுகப்பிரியா. அவர் ஆறுதலுக்காகச் சொன்ன கடைசி வாக்கியம் மெர்சியின் காதில் ஏறவில்லை.

பஸ்ஸில் தாம்பரம் தாண்டும்வரை ஜெபகுமார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ரத்தம் சொன்னாத்தான் நம்புவே இல்ல நீ."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கும் கேட்டாள், பிறகும் பல நாள் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர், "விடு மெர்சி" என்பார். நிஜமாகவே விட்டுவிட்டார் போலத்தான் இருந்தது. உப்பில்லாமல் அவள் சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். ஆனால் பழைய பேச்சு திரும்பவில்லை. சர்ச்சில் எல்லார் முன்னாலும் எழுந்து உண்மையைச் சொல்கிறேன் என்று அவள் கிளம்பியபோது மட்டும் கொஞ்சம் கோபப்பட்டார். "நீ சாட்சி சொல்லித்தான் நான் யோக்கியன்னு ஆகணுமா? உக்காரு."

ஆராய்ச்சிக்காகச் சென்னைக்கு ரத்தம் கொடுக்கப் போகிற நாள் என்றால் மட்டும் அவருக்குத் தெம்பு வந்துவிடும். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வார். அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று ஒருமுறை மெர்சி கேட்டாள்.

"குடிப்பீங்களான்னு மேடம் மொதல்ல கேட்டாங்க. இல்லன்னேன். சரின்னு எழுதிக்கினாங்க. அப்புறமா டெஸ்ட் பண்ணாங்கதான். அது அவங்க வேலை. ஆனா நான் இல்லன்னப்போ அவங்க மூஞ்சி மாறல" என்றார் ஜெபகுமார். கொஞ்சம் கழித்து, "நான் செத்துப்பூட்டாலும் என் ரத்தம் அங்க வேலை செஞ்சிகினு இருக்கும்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

போன வருஷம் ஒரு மத்தியான வேளையில், சாப்பிட உட்கார்ந்தவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மெர்சியின் அப்பாவும் அப்படித்தான் போனார் என்பது ஊருக்கே தெரியும்.

கல்லறையிலிருந்து ஆண்கள் திரும்பும் முன், பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் மெர்சியைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தங்கமான மனுசன். அந்தப் பாழாப்போன குடி மட்டும் இல்லாம இருந்திருந்தா…"

மெர்சி நிமிர்ந்தாள். "அவரு குடிக்கல அக்கா. ஒரு நாளும் தொடல."

"ஆமாம்மா, ஆமாம்" என்றாள் கங்கம்மாள், முதுகைத் தடவிக்கொடுத்தபடி. தாலி அறுத்தவள் புருஷன் மானத்தைக் காப்பாற்றத்தானே செய்வாள் என்கிற இரக்கம் அந்தக் குரலில் இருந்தது. சுற்றி இருந்த பெண்கள் யாரும் மெர்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சத்தியமாக்கா. டாக்டர் டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க."

"தெரியும்மா. நீ அழாத."

மெர்சி இன்னொரு தடவையும் சொன்னாள். அதற்கும் கங்கம்மாள், "ஆமாம்மா" என்றுதான் சொன்னாள்.